இனுயிட் அமைப்பில் களப்பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒட்டாவாவில் சோஷியல் வொர்க் படிக்க வரும் நம் பிள்ளைகள் வருஷா வருஷம் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் நோட் அனுப்பி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் களப்பயிற்சி செய்ததும், அப்புறம் கொஞ்ச காலம் வேலை பார்த்ததும் இந்த ஊரில் இருக்கும் ஓர் இனுயிட் சமூக அமைப்பில் (இனுயிட் என்பவர்கள் ஆர்க்டிக் பகுதியின் பூர்வகுடி மக்கள்). எது என்று சொல்லப்போவதில்லை. சின்னச் சமூகம், "அந்த அமைப்புக்கு வந்த ஒரு பாட்டி" என்று ஆரம்பித்தாலே யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். நான் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஆளும் இல்லை, அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இனுயிட் மக்கள் ஆர்க்டிக்கில்தானே இருக்கிறார்கள், ஒட்டாவாவில் எப்படி?

பெரும்பாலானவர்கள் அங்கேதான். 2021 கணக்கெடுப்பின்படி கனடாவில் இனுயிட் மக்கள் சுமார் 70,500 பேர், அதில் பத்துக்கு ஏழு பேர் தாயகமான இனுயிட் நுனாங்காட்டில் வாழ்கிறார்கள். மற்றவர்கள் தெற்கே. தெற்கு நகரங்களில் அதிகம் பேர் இருப்பது ஒட்டாவா–காட்டினோவில்தான். அதே கணக்கெடுப்பு இங்கே சுமார் 1,700 பேர் என்கிறது. அமைப்புகளில் வேலை பார்ப்பவர்களிடம் அந்த எண்ணைச் சொன்னால் சிரிப்பார்கள், ஏனென்றால் மாதத்துக்கு ஒரு வீட்டில் ஒண்டிக்கொண்டிருப்பவரும், சிகிச்சைக்கு என்று வந்து அப்படியே தங்கிவிட்டவரும் கணக்கெடுப்புத் தாளில் எளிதில் விழுவதில்லை.

ஏன் ஒட்டாவா என்பதற்கு, கனடாவின் வடக்குப் பிரதேசமான நுனாவுட்டின் வரைபடத்தைப் பார்த்தால் போதும். 25 ஊர்கள், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை கிடையாது, மருத்துவமனை என்று சொல்லத்தக்கது தலைநகர் இக்கலுயிட்டில் ஒன்றே ஒன்று. நுனாவுட்டின் கிழக்கே இருக்கும் பாஃபின் பகுதியில் ஒருவருக்குப் புற்றுநோய் சிகிச்சையோ, இதய அறுவையோ, சிக்கலான பிரசவமோ என்றால் விமானம் ஏறி 2,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து இங்கே வர வேண்டும். நுனாவுட்டின் மற்ற பகுதிகளிலிருந்து வினிப்பெக்குக்கோ எட்மன்டனுக்கோ போகிறார்கள். இது போக, படிப்புக்காக வருபவர்கள் உண்டு (நுனாவுட் சிவுனிக்சாவுட் என்ற கல்லூரித் திட்டம் 1985-லிருந்து இங்கே நடக்கிறது), வேலைக்காக வருபவர்கள் உண்டு, வடக்கே வீட்டுப் பஞ்சம் தாங்காமலும், வீட்டுக்குள் அடி உதை தாங்காமலும் குழந்தைகளோடு கிளம்பி வருபவர்களும் உண்டு.

எந்தெந்த அமைப்புகள்?

துங்கசுவிங்காட் இனுயிட் 1987-ல் தொடங்கியது, ஒன்டாரியோவில் வாழும் இனுயிட் மக்களுக்கான நேரடிச் சேவைகள் செய்கிறது. குழந்தைகள், இளைஞர்கள், குடும்பங்கள் என்றால் இனூகதிகீட் மையம். தேசிய அளவில் கொள்கை வேலை செய்பவை இனுயிட் தபிரீட் கனடாமியும் (1971) பெண்களுக்கான பௌக்டூடிட்டும் (1984). முதல் இரண்டிலும் மனிதர்களோடு வேலை, பின்னவற்றில் பெரும்பாலும் கணினியோடும் கூட்டங்களோடும் வேலை. எந்த வருஷம் யார் மாணவர்களை எடுப்பார்கள் என்பது அவர்களிடம் மேற்பார்வைக்கு ஆள் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

நானே நேரடியாக எழுதிக் கேட்கலாமா?

வேண்டாம். உங்கள் பல்கலைக்கழகத்தின் களப்பயிற்சி ஒருங்கிணைப்பாளர் வழியாகவே போங்கள். இந்த அமைப்புகளுக்கு வாரத்துக்கு எத்தனை மாணவர் மின்னஞ்சல் வரும் என்று உங்களுக்குத் தெரியாது. எல்லா மின்னஞ்சலிலும் அதே வரி இருக்கும்: "பழங்குடிப் பண்பாட்டைக் கற்றுக்கொள்ள ஆவலாக இருக்கிறேன்." அவர்கள் அதற்காகக் கடை திறந்து வைத்திருக்கவில்லை. உங்கள் கடிதத்தில் உங்கள் ஆவலை விட, உங்களால் என்ன செய்ய முடியும் என்பது இருக்கட்டும். ஜி ஓட்டுநர் உரிமம் (ஒன்டாரியோவின் முழு உரிமம்) இருக்கிறதா, ஐம்பது பேருக்குச் சமைத்த அனுபவம் இருக்கிறதா, அரசாங்கப் படிவங்களோடு மல்லுக்கட்டத் தெரியுமா, குழந்தைகளோடு இருந்து பழக்கமா, இதையெல்லாம் எழுதுங்கள். என் நேர்காணலில் பாதி நேரம் வண்டி ஓட்டுவதைப் பற்றித்தான் பேசினோம், பனிக்காலத்தில் வேன் ஓட்டியிருக்கிறாயா என்பது வரைக்கும்.

காவல்துறைச் சான்றிதழுக்கு, அதாவது குழந்தைகளோடும் முதியவர்களோடும் வேலை செய்பவர்களுக்கான அந்தக் கூடுதல் சோதனைக்கு, இடம் உறுதியாகும் முன்பே விசாரித்து வையுங்கள். வர வாரக்கணக்கில் ஆகலாம், அது இல்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது. வெளிநாட்டு மாணவர் என்றால் அனுமதி தொடர்பான விதிகள் அடிக்கடி மாறுகின்றன, போன வருஷ சீனியர் சொன்னதை நம்பாமல் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள்.

எத்தனை மணி நேரம்? சம்பளம் உண்டா?

இளங்கலைக்குக் குறைந்தது 700 மணி, இரண்டு வருட முதுகலைக்கு 900, ஏற்கெனவே சோஷியல் வொர்க் இளங்கலை முடித்தவருக்கு 450. சம்பளம் பொதுவாகக் கிடையாது. களப்பயிற்சியை இங்கே பிளேஸ்மென்ட் என்பார்கள். ஊரில் "பிளேஸ்மென்ட் கிடைத்துவிட்டது" என்று சொல்லிவிடாதீர்கள், வேலை கிடைத்துவிட்டது என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவிடுவார்.

முதல் சில வாரங்களில் என்ன செய்யச் சொல்வார்கள்?

நாற்காலி போடச் சொல்வார்கள். காபி போட, பாத்திரம் கழுவ, குழந்தைகளுக்குக் குளிர் உடுப்பு மாட்டிவிட, வேனில் ஆட்களை ஏற்றி இறக்க. "நான் முதுகலை மாணவர், எனக்கு எப்போது கேஸ் தருவீர்கள்" என்று கேட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே ஒருவர் உங்களிடம் வந்து தன் பிரச்சினையைச் சொல்ல வேண்டுமென்றால், அதற்கு முன் அவர் உங்களைப் பல தடவை பார்த்திருக்க வேண்டும், அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தபோது நீங்களும் பேசாமல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். கதவு போட்ட அறையில் எதிரெதிரே உட்கார்ந்து "எப்படி உணர்கிறீர்கள்" என்று கேட்பதை விட, தையல் வட்டத்தில் தோல் வெட்டிக்கொண்டே பக்கவாட்டில் பேசுகிற பேச்சில்தான் விஷயம் வெளியே வரும். என்னைக் கேட்டால், வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் நேர்காணல் உத்திகளில் பாதியை முதல் மாதம் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

சரி, அப்புறம் உண்மையான வேலை?

நாற்காலி போடுவதும் உண்மையான வேலைதான், ஆனால் நீங்கள் கேட்பது புரிகிறது. இரண்டு விஷயம் பெரிதாக வரும்: காகிதமும் மருத்துவமனையும்.

காகிதத்தை எடுத்துக்கொள்வோம். பை தொலைந்துபோன ஒருவருக்கு அடையாள அட்டை வாங்க வேண்டும். அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, உதவித்தொகை இல்லை, வீட்டு விண்ணப்பம் இல்லை. அட்டை வாங்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், அதை ரான்கின் இன்லெட்டில் இருக்கும் நுனாவுட் பதிவு அலுவலகத்திலிருந்து வரவழைக்க வேண்டும், அதற்கு ஓர் அஞ்சல் முகவரி வேண்டும், அவரிடம் முகவரி இல்லை. சான்றிதழ் வந்து சேர்ந்தால் அதில் பெயர் ஓர் எழுத்துக்கூட்டலில் இருக்கும், சுகாதார அட்டையில் இன்னொன்றில் இருக்கும், பள்ளிக்கூடத் தாளில் மூன்றாவதாக ஒன்று.

இது அவர்களின் கவனக்குறைவு இல்லை. 1940-களிலிருந்து 1970-கள் வரை அரசாங்கம் இனுயிட் மக்களுக்குக் குடும்பப்பெயருக்குப் பதிலாக எண் கொடுத்தது, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சின்ன வட்டத் தகட்டில், கிழக்கே இருந்தவர்களுக்கு 'E' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி. அப்புறம் 1960-களின் கடைசியில் குடும்பப்பெயர் வைக்கும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்து ஊர் ஊராகப் போய் எழுதினார்கள். கேட்டவர் காதில் விழுந்தபடி எழுதினார். அண்ணனுக்கு ஒரு பெயர், தம்பிக்கு ஒரு பெயர் ஆன குடும்பங்கள் உண்டு. தன் எண்ணை இன்னும் மனப்பாடமாகச் சொல்லும் முதியவர்கள் இருக்கிறார்கள். அந்த வரலாற்றின் மிச்சம்தான் உங்கள் மேசையில் மூன்று எழுத்துக்கூட்டலாக வந்து கிடக்கிறது, நீங்கள் தொலைபேசியில் காத்திருப்பு இசையைக் கேட்டுக்கொண்டு அதைச் சரிசெய்துகொண்டிருப்பீர்கள்.

மருத்துவமனைக்குத் துணைக்குப் போவது?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பாஃபினிலிருந்து சிகிச்சைக்கு வருபவர்கள் தங்க லார்கா பாஃபின் என்ற விடுதி இருக்கிறது. கூட வரும் துணை ஆள், மொழிபெயர்ப்பாளர் எல்லாம் ஏற்பாட்டில் உண்டு. இருந்தாலும் ஒட்டாவாவிலேயே குடியிருப்பவர்களுக்கும், ஏற்பாட்டில் விட்டுப்போனவர்களுக்கும் அமைப்பிலிருந்து யாராவது போக வேண்டியிருக்கும். போய் என்ன செய்வீர்கள்? பெரும்பாலும் உட்கார்ந்திருப்பீர்கள். வரவேற்பு மேசையில் முகவரி கேட்டு, தபால் பெட்டி எண்ணைச் சொன்னால் "தெருப் பெயர் இல்லையா" என்று மறுபடி கேட்கும்போது நீங்கள் விளக்குவீர்கள். மருத்துவர் கேள்வி கேட்பார், பாட்டி புருவத்தை லேசாக உயர்த்துவார், மருத்துவர் பதில் வரவில்லை என்று நினைத்து அதே கேள்வியைச் சத்தமாகக் கேட்பார். புருவத்தை உயர்த்தினால் ஆமாம், மூக்கைச் சுருக்கினால் இல்லை. பதில் ஏற்கெனவே வந்துவிட்டது என்று மருத்துவரிடம் மெதுவாகச் சொல்ல வேண்டியது நீங்கள்.

பயம் ஏன் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். 1950-களில் சி.டி. ஹாவ் என்ற கப்பல் ஆர்க்டிக் ஊர்களுக்குப் போகும். மக்களைக் கப்பலில் ஏற்றி நெஞ்சில் எக்ஸ்ரே எடுப்பார்கள், காசநோய் என்று தெரிந்தால் பலரை வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வரக்கூட விடாமல் அப்படியே தெற்கே கொண்டுபோனார்கள். 1956 வாக்கில் ஏழு இனுயிட்டில் ஒருவர் தெற்கத்தி சானடோரியங்களில் (காசநோய் மருத்துவமனைகளில்) இருந்தார் என்கிறார்கள். சிலர் வருஷக்கணக்கில் திரும்பவில்லை, சிலர் திரும்பவே இல்லை, எங்கே புதைத்தார்கள் என்று குடும்பத்துக்குச் சொல்லவும் இல்லை. 2019 மார்ச்சில் அப்போதைய பிரதமர் ட்ரூடோ இக்கலுயிட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார், கல்லறைகளைத் தேடித் தரும் வேலை 'நனிலாவுட்' என்ற பெயரில் நடக்கிறது. ஆகவே ஒரு முதியவர் ஸ்கேன் எடுக்க மாட்டேன் என்றால், மூன்று நிமிடத்தில் மனதை மாற்றப் பார்க்காதீர்கள்.

என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்களே?

பார்க்கத்தான் செய்வார்கள். நீங்கள் சோஷியல் வொர்க் மாணவர். அந்தத் தொழிலின் பெயரைக் கேட்டதும் ஒரு தாய்க்கு முதலில் நினைவுக்கு வருவது, பிள்ளையை எடுத்துக்கொண்டு போனவர்கள். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த விடுதிப் பள்ளிகள், அதற்கப்புறம் குழந்தைநலத் துறை, இரண்டும் பழைய கதை இல்லை. பூர்வகுடிக் குழந்தைகளைப் பற்றி 2020 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கும் கூட்டாட்சிச் சட்டம், குடும்பத்தோடும் சமூகத்தோடும் பிள்ளை இருப்பதற்கே முன்னுரிமை என்கிறது, ஆனால் சட்டம் வந்ததால் பயம் போய்விடாது. அதே நேரம் ஒன்டாரியோவில் குழந்தைக்கு ஆபத்து என்று சந்தேகித்தால் நீங்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். இதை மறைத்து வைத்துவிட்டு அன்பாகப் பேசிப் பேசி விஷயத்தைக் கறப்பது மோசமான வேலை. என் கடமை இது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிலர் அதற்கப்புறம் பேச மாட்டார்கள், அது அவர்கள் உரிமை.

1950-லிருந்து 1975 வரை பாஃபின் பகுதியில் நடந்தவற்றை, பனிவண்டி இழுக்கும் நாய்களைப் போலீஸ் கொன்றது உட்பட, மக்களின் வாயிலிருந்தே கேட்டுப் பதிவுசெய்தது கிகிக்தானி உண்மை ஆணையம். களப்பயிற்சி தொடங்கும் முன் ஒன்றே ஒன்றுதான் படிக்க நேரம் என்றால் அதன் அறிக்கையைப் படியுங்கள், இணையத்தில் இலவசம்.

சாப்பாடு? நான் சைவம்.

சைவமாகவே இருங்கள், யாரும் வாயில் திணிக்க மாட்டார்கள். வடக்கிலிருந்து விமான சரக்கில் வந்த கரிபு மான், சீல், ஆர்க்டிக் சார் மீன், திமிங்கிலத் தோல் என்று ஒரு விருந்து நாள் வரும். தரையில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து, அதன் மேல் கல் மாதிரி உறைந்த இறைச்சியை வைத்து, பெண்கள் ஊலு என்ற அரைவட்டக் கத்தியால் மெல்லிசாகச் சீவிச் சீவிப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார்கள். மாதக்கணக்கில் சோர்ந்திருந்த முகங்கள் அன்றைக்கு வேறு மாதிரி இருக்கும். வேண்டாமென்றால் ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு உட்காருங்கள், எழுந்து போய்விடாதீர்கள். முகம் சுளிக்காதீர்கள், மூக்கைப் பொத்தாதீர்கள்.

முக்கியமாகச் சீல் வேட்டையைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். 1983-ல் ஐரோப்பா சீல் குட்டித் தோலுக்குத் தடை போட்டபோது, குட்டிகளைக் கொல்லாத இனுயிட் வேட்டைக்காரர்களின் தோலுக்கும் சந்தை விழுந்துவிட்டது. 2009 தடையில் இனுயிட் மக்களுக்கு விலக்கு எழுதியிருந்தார்கள், வாங்க ஆள்தான் இல்லை. "அசைவம் பாவம்" என்று நம் வீட்டில் கேட்டு வளர்ந்த வாக்கியத்தை அந்த அறைக்குள் கொண்டுவருவது அழகில்லை.

மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

முடியும், ஆங்கிலம் போதும், முதியவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் இருப்பார். ஈ என்றால் ஆமாம், ஆக்கா என்றால் இல்லை. நன்றிக்கு ஊருக்கு ஊர் வேறு, குயன்னமீக் என்பவர்களும் உண்டு, நாக்குர்மீக் என்பவர்களும் உண்டு, எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள். இன்னொன்று, இறந்துபோனவரின் பெயரைப் பிறந்த குழந்தைக்கு வைத்தால் அந்த உறவும் கூடவே வந்துவிடும். ஒரு தாய் தன் கைக்குழந்தையை அப்பா என்று கூப்பிடுவதைக் கேட்டுக் குழம்பாதீர்கள். மாமனார் பெயரைப் பேரனுக்கு வைத்துவிட்டு அதைச் சொல்லி அதட்ட முடியாமல் தவிக்கும் நம் மருமகள்களை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். அந்தக் குழந்தையைப் பற்றிக் குறிப்பு எழுதும்போது உறவுமுறையைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் கோப்பில் கூத்தாகிவிடும்.

'எஸ்கிமோ' என்று சொல்லலாமா?

கூடாது. ஒருவர் என்றால் இனுக், பலர் என்றால் இனுயிட். கனடாவின் பூர்வகுடிகளில் முதல் குடிகள் (ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்), மேத்தி, இனுயிட் மூன்றும் வேறு வேறு மக்கள். 'இந்தியர் சட்டம்' (இங்கே 'இந்தியர்' என்பது முதல் குடிகளைக் குறிக்கும் பழைய சொல்) இனுயிட் மக்களுக்குப் பொருந்தாது, அவர்களுக்கு ஒதுக்கிடங்களும் இல்லை. இதைத் தெரியாமல் கடிதம் எழுதினால் முதல் பத்தியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

நாமும் போரில் இடம்பெயர்ந்தவர்கள்தானே, அதைச் சொல்லி நெருங்கலாமா?

ஈழத்துக் குடும்பங்களிலிருந்து வருபவர்கள் கேட்கும் கேள்வி. கேட்டால் சொல்லுங்கள், கேட்பார்கள், எந்த ஊர், ஏன் வந்தீர்கள் என்று ஆர்வமாகவே கேட்பார்கள். ஆனால் அதை அறிமுகச் சீட்டாக நீட்டாதீர்கள். ஒருவர் தன் அண்ணனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது "எங்களுக்கும் இப்படித்தான்" என்று நடுவே புகுந்தால் அவர் நிறுத்திக்கொண்டு உங்களை ஆற்ற ஆரம்பித்துவிடுவார். அதோடு, நம் குடும்பங்கள் அகதியாக வந்து குடியேறியது அவர்களைப் போன்ற பூர்வகுடிகளின் நாட்டில். அந்த உறவு என்ன மாதிரியானது என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன், உங்களுக்குத் தயாராக ஒரு பதில் தர முடியாது.

படம் எடுத்து இன்ஸ்டாவில் போடலாமா?

வேண்டாம். குல்லிக் விளக்கு ஏற்றும்போது கை தானாகவே போனுக்குப் போகும், தெரியும். அது கல்லில் செதுக்கிய பிறை வடிவத் தட்டு, சீல் எண்ணெய், பாசியும் பஞ்சுப்புல்லும் சேர்த்த திரி. ஏற்றும் அம்மா ஒரு குச்சியால் சுடரை விளிம்பு நெடுகத் தட்டித் தட்டிப் பரப்புவார், ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கும் வரை விட மாட்டார். போனை வைத்துவிட்டு அந்தக் கையைப் பாருங்கள். முன்கூட்டியே கட்டட நிர்வாகத்திடம் புகை அலாரம் பற்றிப் பேசி வைப்பது அநேகமாக மாணவரின் வேலையாக இருக்கும்.

அங்கேயே ஆய்வுக்கும் தரவு எடுத்துக்கொள்ளலாமா?

களப்பயிற்சி வேறு, ஆய்வு வேறு. இரண்டையும் கலக்க நினைத்தால் இரண்டும் கெடும். நுனாவுட்டுக்குள் ஆய்வு என்றால் சட்டப்படி நுனாவுட் ஆய்வு நிறுவனத்தின் உரிமம் வேண்டும். தெற்கிலும், 2018-ல் இனுயிட் தபிரீட் கனடாமி வெளியிட்ட தேசிய ஆய்வு உத்தி, தங்களைப் பற்றிய ஆய்வைத் தாங்களே ஆளவேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. உங்கள் பேராசிரியர் "சும்மா நாலு பேரிடம் பேசிப் பார்" என்று சொன்னாலும் கேட்காதீர்கள்.

என் மேற்பார்வையாளரிடம் சோஷியல் வொர்க் பட்டம் இல்லை. பிரச்சினையா?

பல்கலைக்கழகத்துக்குத்தான் பிரச்சினை, அவர்கள் வெளியிலிருந்து பட்டம் பெற்ற ஒருவரை இரண்டாவது மேற்பார்வையாளராகப் போடுவார்கள். நீங்கள் கற்றுக்கொள்வது பெரும்பாலும் வரவேற்பறையில் உட்கார்ந்து தைக்கும் மூத்தவர்களிடம்தான். மதிப்பீட்டுப் படிவத்தில் "தலையீட்டுத் திறன்" என்று ஒரு கட்டம் இருக்கும். தலையிடாமல் இருக்கக் கற்றுக்கொண்டதை அதில் எப்படி எழுதுவது என்பது உங்கள் எழுத்துத் திறமை.

மனசு தாங்குமா?

சில வாரங்கள் தாங்காது. சின்ன ஊர்கள், எல்லோரும் ஏதோ ஒரு வழியில் சொந்தம். பாஃபினில் இருக்கும் பாங்னிர்டங் ஊரில் ஒரு சாவு என்றால் ஒட்டாவாவில் அன்றைய நிகழ்ச்சி நடக்காது, உங்களோடு வேலை பார்ப்பவர்களே துக்க வீட்டார். உங்கள் அழுகையை அவர்களிடம் கொண்டுபோகாதீர்கள், அதற்குப் பல்கலைக்கழக ஆலோசகர் இருக்கிறார், நண்பர்கள் இருக்கிறார்கள். ஆனால் இவ்வளவு சிரிக்கும் ஓர் அலுவலகத்தையும் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கேலி செய்யப்படுவீர்கள். உங்கள் குளிர்காலச் சட்டையில் தொடங்கும்.

நேராக இக்கலுயிட்டுக்கே போய்ச் செய்யலாமா?

உங்கள் பல்கலைக்கழகத்துக்கு அங்கே ஏற்பாடு இருந்து, தங்க இடமும் கையில் இருந்தால் போங்கள். இடம் இல்லாமல் போகாதீர்கள். அங்கே வீடு கிடைக்காமல் பெரிய குடும்பங்களே ஒரே வீட்டில் நெருக்கிக்கொண்டிருக்கின்றன. மளிகை விலை கண்ணீர் வரவழைக்கும்.

முடியும்போது என்ன செய்ய வேண்டும்?

முடியும் தேதியை முதல் மாதமே எல்லோருக்கும் சொல்லுங்கள், குறிப்பாகக் குழந்தைகளுக்கு. அவர்கள் வாழ்க்கையில் மாணவர்களும் பணியாளர்களும் வந்து வந்து போயிருக்கிறார்கள், ஏப்ரலில் திடீரென்று காணாமல் போகும் இன்னொருவராக ஆகாதீர்கள். பாதியில் நிற்கும் விண்ணப்பங்களை எல்லாம், எந்த அலுவலகத்தில் யாரிடம் பேசினீர்கள், குறிப்பு எண் என்ன என்பதோடு அடுத்தவர் கையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்தப் பிறப்புச் சான்றிதழ் நீங்கள் போன பிறகுதான் தபாலில் வரும்.

கடைசி நாள் கேக் கொண்டுபோகலாமா?

தாராளமாக. குழந்தைகள் வரும் இடம், வேர்க்கடலை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள், பெரிதாகவே வாங்குங்கள்.